ஒரு ஐசியூவைக் காலி செய்ய எவ்வளவு நேரம் வேண்டும்?

போரில் மருத்துவமனை தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், பின்னாலேயே ஒரு விளக்கமும் வந்துவிடுகிறது: "வெளியேறச் சொல்லி முன்கூட்டியே எச்சரித்தோமே." கேட்பவர்களில் பலர் அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். என்னால் சமாதானமாக முடிவதில்லை.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், குறைந்தது இரண்டு வார்டு ஊழியர்கள் கூடவே போக வேண்டும். சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்ப்போம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 1,500 லிட்டர் சிலிண்டர் இரண்டரை மணி நேரத்தில் காலி. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்ப் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும்; பம்பின் பேட்டரி இறங்கி அது சில நிமிடம் நின்றாலே இதயம் நின்றுவிடக்கூடிய நோயாளிகள் உண்டு. நெஞ்சில் குழாய் போட்டிருந்தால் அதன் பாட்டில் நெஞ்சு மட்டத்துக்கு மேலே வரக் கூடாது. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது மூச்சுக்குழாயில் செருகிய டியூப் நழுவாமல் ஒருவர் தலைமாட்டிலேயே பிடித்தபடி நிற்க வேண்டும். லிஃப்ட் ஓடும், விளக்கு எரியும், கீழே ஆட்கள் காத்திருப்பார்கள் என்ற நிலையிலும் ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் படபடப்புதான்.

இதே வேலையைக் கரண்ட் இல்லாத இரவில், படிக்கட்டு வழியாக, பத்து நோயாளிகளுக்குச் செய்ய வேண்டும் என்றால்? வென்டிலேட்டர் இல்லாதபோது ஆம்பு பையைக் கையால் அழுத்தித்தான் மூச்சு கொடுக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒருவர் வீதம், விடாமல். அப்புறம் ஆம்புலன்ஸ் வேண்டும், அது போகப் பாதை வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் காலி வென்டிலேட்டர் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் "வெளியேறுங்கள்" என்ற உத்தரவு அந்த நோயாளியைப் பொறுத்தவரை மரண உத்தரவுதான்.

2023 நவம்பரில் காசாவின் அல் ஷிஃபா மருத்துவமனையில் எரிபொருள் தீர்ந்து இன்குபேட்டர்கள் இயங்காமல் போயின. குறைமாதக் குழந்தைகளை ஒரே படுக்கையில் நெருக்கமாகப் படுக்க வைத்து உடல்சூட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள். சில குழந்தைகள் இறந்தன. மிஞ்சிய 31 குழந்தைகளை நவம்பர் 19 அன்று உலக சுகாதார நிறுவனமும் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் ஆம்புலன்ஸ்களில் தெற்கே கொண்டுபோயின. அந்த வளாகத்தில் ஹமாஸின் கட்டளை மையம் இருந்ததாக இஸ்ரேல் சொன்னது. மருத்துவமனை நிர்வாகம் மறுத்தது. யார் சொன்னது உண்மையாக இருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்கு உரிய பாதுகாப்பு ஒரு துளியும் குறையாது. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சட்டம் ஒன்றும் புதிதல்ல. காயம்பட்ட சிப்பாய்களையும் அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களையும் காக்கும் முதல் ஜெனீவா ஒப்பந்தம் 1864-லேயே வந்துவிட்டது. 1949-இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் பொதுமக்களுக்கான மருத்துவமனைகளைத் தாக்கவே கூடாது என்கிறது. எதிரிக்குத் தீங்கு செய்ய அந்தக் கட்டடம் பயன்படுத்தப்பட்டால் மட்டுமே பாதுகாப்பு விலகும். அப்போதும் எச்சரிக்க வேண்டும், பொருத்தமான இடங்களில் நியாயமான கால அவகாசம் குறிப்பிட வேண்டும், அதை மதிக்காமல் போன பிறகுதான் அடுத்த பேச்சு. அதற்குப் பிறகும் உள்ளே இருக்கும் நோயாளிகள் பொதுமக்களே. கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மீறிய உயிர்ச்சேதம் வரும் என்று தெரிந்தால் தாக்கக் கூடாது. "நியாயமான அவகாசம்" எவ்வளவு என்பதைப் படைத்தளபதி ஊகத்தில் முடிவு செய்ய முடியாது. உள்ளே எத்தனை வென்டிலேட்டர்கள் ஓடுகின்றன என்று தெரியாதவர் சொல்லும் எந்தக் கெடுவும் நியாயமானதாக இருக்காது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காயம்பட்ட போராளிக்குச் சிகிச்சை கொடுப்பது குற்றமல்ல. அவரிடமிருந்து வாங்கி வைத்த, இன்னும் உரியவரிடம் ஒப்படைக்காத துப்பாக்கி அங்கே இருப்பதாலும் பாதுகாப்பு போய்விடாது. இரண்டையும் ஒப்பந்தமே வெளிப்படையாகச் சொல்கிறது. "அங்கே அவர்கள் ஆட்கள் படுத்திருந்தார்கள்" என்பது தாக்குவதற்கான காரணமே இல்லை. ரத்தம் வழிய வருபவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுக் கட்டுப் போடும் மருத்துவம் எங்கேயும் இல்லை.

எச்சரிக்கையே இல்லாமல் நடந்ததும் உண்டு. 2015 அக்டோபர் 3 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்க விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்கியது. கட்டடம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைச் சில நாட்கள் முன்புதான் அந்த அமைப்பு அமெரிக்கப் படைக்கு மறுபடி கொடுத்திருந்தது. தாக்குதல் நடக்கும்போதே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். 42 பேர் இறந்தார்கள். ஐசியூ படுக்கையிலேயே எரிந்துபோனவர்களும் அதில் உண்டு. தவறு நடந்துவிட்டது என்றது அமெரிக்கா. துறை ரீதியான நடவடிக்கைகளோடு விஷயம் முடிந்தது, குற்ற வழக்கு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் ஐநா பாதுகாப்பு அவை மருத்துவமனைகளைக் காக்கக் கோரி 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. தாக்குதல்கள் நிற்கவில்லை.

தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது திரும்பத் திரும்ப ஷெல் விழுந்ததைச் செஞ்சிலுவைக் குழு அப்போதே வெளியே சொன்னது. கடைசிவரை வன்னியில் நின்று மருத்துவம் பார்த்த மருத்துவர்கள் போர் முடிந்ததும் காவலில் வைக்கப்பட்டார்கள். மருத்துவ நெறிப்படி சிகிச்சை கொடுத்த யாரையும் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கின்றன ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறைகள். அவற்றுக்கு ஏற்பளிக்காத நாடுகளையும் வழக்கச் சட்டமாக இந்த விதி கட்டுப்படுத்தும்.

எங்கள் பக்கத்துக் கடமைகளும் உண்டு. ஆயுதத்தோடு யாரையும் வார்டுக்குள் விடக் கூடாது; எந்தப் படை கேட்டாலும் ஆம்புலன்ஸில் நோயாளி அல்லாத படையாளையோ படைச் சரக்கையோ ஏற்றக் கூடாது. ஒரே ஒரு ஏமாற்று எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு, பின்லேடனைத் தேடப் பாகிஸ்தானில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ தடுப்பூசி முகாமைத் திரையாகப் பயன்படுத்தியது போதும். 2011-இல் விஷயம் வெளியே வந்தது. தடுப்பூசி போட வருபவர்கள் மீது ஏற்கெனவே இருந்த சந்தேகம் இன்னும் வலுத்தது. 2012 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்போன பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் போனுக்கு வந்தால் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இருந்தது? நகர முடியாத நோயாளிகள் எத்தனை பேர்? அவர்களை ஏற்றுக்கொள்ள எந்த மருத்துவமனை தயாராக இருந்தது? அங்கே போகும் சாலையில் சண்டை நின்றிருந்ததா? "எச்சரித்துவிட்டோம்" என்று சொல்பவர் இவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்புறம், அந்த மருத்துவமனையிலிருந்து வரும் படங்களில் நோயாளியின் முகமோ, செவிலியரின் பெயர் அட்டையோ, வார்டு இருக்கும் இடமோ தெரிந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். படத்தில் இருப்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கக்கூடும்.