இடம்பெயர்ப்பு: ‘காஸ்டு மோஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தேநீர் போடுபவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பளவில் பிடித்திருக்கும் இன்னொரு குவளைக்குள் தேநீரைச் சரிக்கிறார். இடையில் ஒரு பழுப்புக் கயிறு நீண்டு, நுரையாய் விழுகிறது. மலாய்க்காரர்கள் இதை ‘தே தாரிக்’ என்கிறார்கள். தாரிக் என்றால் இழு. நாமோ ‘டீ ஆத்துறார்’ என்கிறோம். கையும் அதே கை, தேநீரும் அதே தேநீர். மலாய்ச் சொல்லில் தேநீரின் ஓட்டம் தெரிகிறது. தமிழ்ச் சொல்லில் அந்த ஓட்டத்தால் விளையும் பலன் தெரிகிறது. தேநீர் தானே ஆறும். அவர் அதை ஆற்றுகிறார்.

ஒருவர் ஒன்றைச் செய்ய, அதனால் இன்னொன்று இடம் மாறுகிறது. இப்படிப்பட்ட நிகழ்ச்சியை மொழிகள் எப்படிச் சொல்கின்றன என்பது அறிதல்சார் மொழியியலில், அதாவது மொழியை மனத்தின் செயல்பாடுகளோடு சேர்த்து ஆராயும் துறையில், பெரிய கேள்வி. அந்தத் துறையில் இதற்குப் பெயர் ‘காஸ்டு மோஷன்’. ‘காஸ்’ லத்தீன் ‘காவ்ஸா’விலிருந்து வந்தது, அங்கே அதற்குக் காரணம், வழக்கு என்று பொருள். ‘மோஷன்’ நகர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்த கலைச்சொல் பரவலாக நிலைபெற மொழியியலாளர் அடெல் கோல்ட்பர்க் முக்கியக் காரணம். 1995இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த அமைப்புக்கென்று ஓர் இயலே இருக்கிறது.

அவர் காட்டும் உதாரணம் மிகவும் புகழ்பெற்றது. ஒருவர் தும்முகிறார். மேசையிலிருந்த நாப்கின் பறந்து விழுகிறது. ஆங்கிலத்தில் இதை ஒரே வினையில் சொல்லலாம். அந்த அமைப்பை அப்படியே தமிழில் வைத்தால் ‘அவர் நாப்கினை மேசையைவிட்டுத் தும்மினார்’ என்று வரும். தும்மு என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு ‘எதை?’ என்ற கேள்வியே கிடையாது, ‘எங்கிருந்து?’ என்பதும் கிடையாது. அப்படியானால் நகர்த்தும் பொருள் எங்கிருந்து வந்தது? வாக்கிய அமைப்பே அந்தப் பொருளைச் சுமக்கிறது என்பதுதான் கோல்ட்பர்க் சொன்ன பதில்.

தமிழில் இது நடக்காது. உணவங்காடியில் டிஷ்யூ வைத்து இடம் பிடித்தவரைக் கேட்டால், ‘தும்முனதுல டிஷ்யூ பறந்துபோச்சு’ என்றுதான் சொல்வார். தும்மல் தனி வினை, பறத்தல் தனி வினை. நகரும் பாதையை எந்தச் சொல் சொல்கிறது என்ற அடிப்படையில் மொழியியலாளர் லெனர்ட் டால்மி உலக மொழிகளைப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் நகரும் பாதையைப் பெரும்பாலும் வினைக்கு வெளியே இருக்கும் சிறுசொற்கள் சொல்கின்றன. தமிழில் ஏறு, இறங்கு, நுழை, திரும்பு என்று வினையே பாதையைச் சொல்லிவிடுகிறது. எப்படி நகர்ந்தது என்பதை வினையெச்சம் பார்த்துக்கொள்ளும்: உருட்டி இறக்கினான், தள்ளி ஏற்றினான்.

தமிழின் வளமே இந்த வினைகளில்தான் இருக்கிறது. ஏறு, ஏற்று. இறங்கு, இறக்கு. திரும்பு, திருப்பு. ஓடு, ஓட்டு. நகர், நகர்த்து. உருள், உருட்டு. தானாக நடப்பதிலிருந்து பிறர் நடத்துவதற்குப் போக ஓர் எழுத்தைக் கொஞ்சம் அழுத்தினால் போதும். மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, ஒற்றை இரட்டிக்கிறது. விசை கூடும்போது ஒலியும் கூடுகிறது! வகுப்பில் பிள்ளைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். தன்வினை, பிறவினை என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இன்னொரு படி மேலே போகிறது. ‘வி’, ‘பி’ என்ற விகுதிகள் தனியே வந்தால் ஓர் ஏவல், இணைந்து வந்தால் ஈரேவல் என்கிறது. ஒருவரை ஏவி, அவர் இன்னொருவரை ஏவும் சங்கிலிக்குக்கூட இலக்கணம் வைத்திருந்தார்கள்.

பேச்சில் இது இன்னும் நுட்பமாகும். ‘தாத்தாவைப் பேருந்தில் ஏற்றினேன்’ என்றால் கைத்தாங்கலாகப் பிடித்திருப்பேன். ‘ஏற வைத்தேன்’ என்றால் அவர் மாட்டேன் என்றிருக்கலாம், நான் சொல்லிச் சம்மதிக்க வைத்திருப்பேன். ‘அத்தையை பிளைட் ஏத்திவிட்டுட்டு வந்தோம்’ என்றால் சாங்கி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று கையசைத்ததோடு சரி, அத்தை மேல் யார் கையும் படவில்லை. அந்த ‘விடு’ அருமையான சொல். மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் சாயங்காலம் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். பறப்பது பட்டமும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. பிள்ளையின் பங்கு கையிலிருக்கும் நூலைத் தளர்த்துவது. உந்தித் தள்ளுவது மட்டுமல்ல, தடுக்காமல் விடுவதும் காரணமாதலில் ஒரு வகை என்று டால்மி 1988இல் விசைகளைப் பற்றிய தம் கட்டுரையில் விளக்கினார். பட்டம் ‘விடு’கிறவர்களுக்கு அது உடனே புரியும்.

சரி, கலைச்சொல்லுக்கு வருவோம். ‘காரண இயக்கம்’ என்று எழுதினால் இயக்கமே எதற்கோ காரணம் என்று படிக்கத் தோன்றும். ‘ஏற்படுத்தப்பட்ட இயக்கம்’ பொருளில் சரி, ஆனால் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. தமிழ் பிறவினையிலேயே வைத்திருக்கும் காரணத்தைத் தனியே எடுத்து முன்னால் ஒட்டுகிறது. ‘இயக்கு’ என்றாலோ இன்று இயந்திரமும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும். ‘நகர்த்தல்’ நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் நாற்காலியை நகர்த்தலாம், பந்தை வீசுவதை நகர்த்தல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் ‘இடம்பெயர்ப்பு’ என்றே எழுதுகிறேன். பெயர்ந்தது தன்வினை, பெயர்த்தேன் பிறவினை. ஆகவே பெயர்வு தானாக நிகழ்வது, பெயர்ப்பு ஒருவர் செய்விப்பது. காரணம் ‘ப்பு’ என்ற இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது, தனிச் சொல் தேவையில்லை. ‘இடம்’ அவசியம், வெறும் பெயர்த்தல் என்றால் கடப்பாரையும் தரையோடும் நினைவுக்கு வந்துவிடும். போர், வெள்ளம் பற்றிய செய்திகளில் வரும் ‘இடம்பெயர்வு’ பக்கத்திலேயே இருந்தாலும் குழப்பம் வராது, கடைசியில் வரும் ‘வு’, ‘ப்பு’ இரண்டிலும் வேறுபாடு தெளிவாக நிற்கிறது.

தானே பெயர்வது, ஒருவர் பெயர்ப்பது என்ற இந்த இணை நமக்குப் புதிதும் அல்ல. குறுந்தொகையின் 11ஆம் பாட்டில் ‘மொழிபெயர் தேஎம்’ வருகிறது. அது மொழி வேறாகப் பெயர்ந்துவிடும் நாடு. அங்கே யாரும் எதையும் பெயர்க்கவில்லை, நடந்துபோனால் மொழி தானே மாறுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் ‘மொழிபெயர்த்து’ என்கிறது. அங்கே ஒருவர் பெயர்க்கிறார். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்கும் இந்த ஊரில், ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் அந்த இரண்டாவது வேலையைச் செய்த ஒருவர் இருக்கிறார்.

எழுதும்போது கோல்ட்பர்க் சொல்லும் வாக்கிய அமைப்பை ‘இடம்பெயர்ப்பு அமைப்பு’ என்றும், ஏற்று, இறக்கு, உருட்டு போன்றவற்றை ‘இடம்பெயர்ப்பு வினைகள்’ என்றும் சொல்லலாம். தேநீர்க்கடைக்காரரின் ‘ஆற்று’ இந்தப் பட்டியலில் சேராது. அவர் கையில் நடப்பதெல்லாம் இடம்பெயர்ப்புதான், ஆனால் தமிழ் அந்தச் சூட்டைத்தான் தொட்டுப் பார்க்கிறது.