பெரியம்மா பார்த்த பேய்க்கு எர்த் இல்லை

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். பெரியப்பாவின் தோல் பை கடைக்குக் கணக்கு எழுதும் லேப்டாப் அது. இரவு கடையை அடைத்துவிட்டு மேல் அறையில் உட்கார்ந்து டச்பேடில் விரல் வைத்தால், மவுஸ் அம்பு திரை முழுக்கத் துள்ளுகிறதாம். கேட்காத ஃபைல் திறக்கிறது, பாதி எழுதிய பில் மூடிக்கொள்கிறது. "ஏல, பொட்டிக்குள்ள ஏதோ புகுந்துட்டு" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லி, சனிக்கிழமை கடை வாசலுக்கு வாங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்திலிருந்து ஒரு பழத்தை உருவி லேப்டாப் மூடிமேல் வைத்துவிட்டார். உண்மையான துப்பு கேள்வியின் கடைசி வரியில்தான் இருந்தது: "காலேஜுக்குக் கொண்டுபோனா ஒழுங்கா இருக்குண்ணே. வீட்டுலதான் ஆடுது."

வழக்கமான சந்தேகங்களை முதலில் கழித்துவிடலாம். வைஃபையை அணைத்தும் ஆடினால், வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை. பையில் கிடக்கும் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள், அதாவது லேப்டாப்பில் செருகும் குட்டித் துண்டு, இன்னும் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படி டிபன் பாக்ஸ் இடித்து நகர்ந்த அம்பை நானே பார்த்திருக்கிறேன். டச்பேட் ஒரு பக்கம் மேடாகத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அப்படியே அணைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும், அமுக்கிப் பார்க்கக் கூடாது. தம்பியிடம் இது எதுவும் இல்லை. சார்ஜரைப் பிடுங்கிப் பார் என்றேன். பிடுங்கினான். பேய் போய்விட்டது. செருகினான், வந்துவிட்டது.

டச்பேடுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்தடங்கள் ஓடுகின்றன. இரண்டு தடங்கள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடமும் பள்ளியில் படித்த மின்தேக்கிதான், ஆனால் மிகக் குட்டி. விரல் அருகே வந்தால் அதன் தேக்குதிறன் ஒரு பிகோஃபாரட்டுக்கும் குறைவாக மாறும். தேக்குதிறனை அளக்கும் அலகு ஃபாரட்; ஒரு ஃபாரட்டை லட்சம் கோடிப் பங்கு போட்டால் வருவது ஒரு பிகோஃபாரட். அந்த நூலிழை மாற்றத்தை நொடிக்குப் பல முறை அளந்து, 'விரல் இங்கே' என்று சொல்கிறது ஒரு சில்லு. இதற்கு விரலின் சூடோ அழுத்தமோ தேவையில்லை. தேவைப்படுவது விரலுக்குப் பின்னால் இருக்கும் ஐம்பது அறுபது கிலோ உப்புத் தண்ணீர், அதாவது நீங்கள். உங்கள் உடம்பு தரையோடு உறவு வைத்திருப்பதால்தான் விரல் கணக்கில் வருகிறது.

பெரியம்மாவின் எலுமிச்சையை வைத்தே இதைப் பார்க்கலாம். பழத்தைக் கையில் பிடித்து டச்பேடில் மெல்ல இழுத்தால் அம்பு நகரும். பழத்தை அங்கேயே விட்டுக் கையை எடுத்தால் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. பழம் அதேதான், அறுந்தது தரையோடு இருந்த உறவு. (அறுத்த பழம் வேண்டாம். சாறு உள்ளே போனால் எந்த மந்திரவாதியாலும் முடியாது.)

இனி சார்ஜர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் உச்சத்தில் சுமார் 325 வோல்ட். அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இருபது வோல்ட் அளவுக்கு இறக்குகிறார்கள். இந்த வெட்டுதான் எல்லாக் கூத்துக்கும் காரணம். டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் அருகருகே இருப்பதால் அவையே ஒரு மின்தேக்கியாகி, வெட்டின் மின் இரைச்சலை இந்தப் பக்கம் கசிய விடுகின்றன. கசிந்ததை வந்த வழியே திருப்பி அனுப்ப, நல்ல சார்ஜரில் ஒய் கெபாசிட்டர் என்ற ஒரு மின்தேக்கி உண்டு. தெருவோரம் வாங்கும் மலிவுச் சரக்கில் அது இருக்கும், அல்லது இருக்காது.

இரைச்சல் ஏறினால் லேப்டாப் முழுவதன் மின்னழுத்தமும் தரையை ஒப்பிட்டு மேலும் கீழும் ஆடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஆடுவது லேப்டாப்புக்கே தெரியாது என்பது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போகும் படகில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலையில் படகு ஏறி இறங்கும்போது பெஞ்சு, பை, பக்கத்து ஆள் எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குவதால், படகுக்குள் எதுவும் இடம் மாறவில்லை. துறை நெருங்கியதும் கரையில் நிற்பவர் கையைப் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டையைப் பிய்த்துவிடும். உங்கள் விரல்தான் அந்தக் கரைக்காரரின் கை. தொடும்வரை அமைதி. தொட்ட கணத்தில் லேப்டாப்பின் ஆட்டம் முழுக்க விரல்வழி டச்பேடுக்குள் பாய்கிறது. பிகோஃபாரட்டுக்கு மல்லுக்கட்டும் சில்லு மிரண்டு, ஒரு விரலை ஐந்தாறு விரலாக எண்ணிவிடுகிறது. ஆக, அந்தப் பெட்டி தானாக எதுவும் செய்யவில்லை. வெறுங்காலோடு, ஜூலை மாத ஈரத் தரையில் உட்கார்ந்து தம்பிதான் அதற்குக் கரை காட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் செருப்பு போட்டுக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபோது பேய் பாதியாகக் குறைந்தது என்று எழுதினான். ஒரு வாரத்துக்கு எனக்கு அந்தச் சந்தோஷம் போதும்.

"உலோக மூடியைத் தடவினால் விறுவிறுன்னு இருக்கு" என்பதையும் பெரியம்மா பேயின் கணக்கில்தான் எழுதியிருந்தார். இது வேறு கதை. இரைச்சலை அடக்கும் அதே ஒய் கெபாசிட்டர், சுவரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் கொஞ்சம் விட்டுவிடும். அதன் அளவு 2200 பிகோஃபாரட் என்றால் கசிவது சுமார் 0.16 மில்லியாம்பியர். ஷாக் அடிக்காது, ஆனால் உலர்ந்த விரலை மேலே இழுத்தால், தோல் மாறி மாறி இழுபட்டு அதிர்வதுபோல் இருக்கும். மல்லின்க்ராட் என்ற அமெரிக்கர், விளக்கு எரியும்போது பித்தளை ஹோல்டரைத் தொட்டால் வேறு மாதிரி இருக்கிறதே என்று யோசித்தார்; 1953ல் அது ஆய்வுக் கட்டுரையானது. தடவிப் பார்த்தவர் உடனே எலுமிச்சை வாங்க ஓடவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதே மும்பையில், கொலாபாவில், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள் டிஃப்ராக் என்ற கணினியைத் தாங்களே கட்டி 1960ல் ஓட வைத்தார்கள். இன்று சிப் தொழிற்சாலைக்குக் கோடிகள் ஒதுக்குவதில் எனக்கு வருத்தமில்லை. அதில் ஒரு துளியை எடுத்து, பிள்ளைகள் இப்படித் தாங்களே அளந்து பார்க்க ஒவ்வொரு பள்ளிக்கும் மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கித் தரலாமே என்பதுதான் என் பொருமல்.

அம்பின் ஆட்டத்துக்கு வைத்தியம் எர்த், அதாவது தரையோடு இணைக்கும் ஒயர்தான். பிளக்கில் தடியாக, நீளமாக இருக்கும் மூன்றாவது பின் அதற்காகவே இருக்கிறது. பல மூன்று பின் சார்ஜர்களில் அது லேப்டாப்பின் உடம்பைத் தரையோடு கட்டி, படகைக் கரையில் கட்டியதுபோல் ஆட்டத்தை நிறுத்திவிடும். தம்பியோ மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வர்ட்டரில் செருகியிருந்தான். அதைக் கழற்றி, மூன்று ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டச் சொன்னேன்.

மாட்டிவிட்டு மறுநாள் எழுதினான்: ஆட்டம் நிற்கவில்லை. எலக்ட்ரீஷியன் சுவர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லையாம். வீட்டுக்காரரிடம் பேச்சு நடக்கிறது. அதுவரை பேட்டரியை நிரப்பி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறான். எலுமிச்சை இன்னும் மூடிமேல்தான் இருக்கிறது. எடுத்தால் பெரியம்மா திட்டுவார்.