போர் தண்ணீரின் உப்பு கொதிக்க வைத்தால் போகுமா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால், "கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போதாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு பாத்திரத்திலேயே தங்கி, முன்பைவிடக் கூடுதலாகக் கரிக்கும். படிகாரம் கலங்கலை அடியில் இறக்குமே தவிர உப்பைத் தொடாது. கேண்டில் ஃபில்டரும் அப்படித்தான். தண்ணீரில் கலந்திருப்பது உப்புத் தூள் அல்ல, அயனிகள்; அதாவது மின்சுமை ஏறிய அணுக்கள். உப்பில் அவை சோடியமும் குளோரினும்.

சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று கூடுகளில் அமைந்திருக்கும். கடைசிக் கூட்டின் ஒற்றை எலக்ட்ரான் கழன்றால் மிஞ்சுவது 10. புரோட்டான் அதே 11. ஆக ஒரு நேர்மின்சுமை. குளோரின் 2, 8, 7. ஒன்றை வாங்கிக்கொண்டால் ஒரு எதிர்மின்சுமை. மாணவர்கள் இங்கே "இழந்தது" என்றதும் கழித்தல் குறி போட்டுவிடுகிறார்கள். இழந்தது எதிர்மின்சுமையை, அதனால் மிஞ்சுவது நேர்மின்சுமை. புரோட்டான் எண்ணிக்கையில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது மாறினால் தனிமமே வேறாகிவிடும்.

சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாகவே தந்துவிடுகிறது என்று நினைப்பதும் சரியல்ல. அதைப் பிய்த்தெடுக்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. இந்தப் பற்றாக்குறையையும், திட சோடியத்தை ஆவியாக்க, குளோரின் மூலக்கூறைப் பிளக்க ஆகும் செலவையும், அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கமையும்போது வெளிவரும் 787 கிலோஜூல்தான் ஈடுகட்டுகிறது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க 4,562 கிலோஜூல் வேண்டும்; அதனால் அது ஒன்றோடு நின்றுவிடும். கால்சியமும் மெக்னீசியமும் இரண்டைத் தரும்.

சோடியம் அயனியின் விட்டம் ஏறத்தாழ 0.2 நானோமீட்டர். கேண்டில் ஃபில்டரின் துளை அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு (குளோரின் அயனி) உண்டு. ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. கடல் நீரை 15 லிட்டர் குடத்து நல்ல தண்ணீரில் ஊற்றினாலே குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி.யை எட்டிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு அதுதான். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1,000 வரை விடலாம். நிலத்தடியில் கடல் நீர் சிறிதளவு ஊடுருவினாலும் கிணறு கெட்டுப்போவது இதனால்தான்.

தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு டம்ளரில் ஆர்.ஓ. (உப்பைத் தடுக்கும் சவ்வு ஃபில்டர்) தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பும் மற்றதில் ஒரு கரண்டி சர்க்கரையும் கரைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் எண் பல நூறு ஏறும். சர்க்கரைத் தண்ணீரில் அநேகமாக அசையாது. மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை. சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை. கிருமிகளும் மீட்டருக்குத் தெரியாது. எண் 60 என்று காட்டுவதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரும்பு வேறு ரகம். மோட்டார் போட்டதும் தெளிவாக வந்த தண்ணீர், பக்கெட்டில் சில மணி நேரம் நின்றதும் செம்மஞ்சளாகி அடியில் துருப்போல் படிகிறதா? நிலத்தடியில் காற்று இல்லாததால் இரும்பு இரண்டு எலக்ட்ரான் இழந்த அயனியாகக் கரைந்திருக்கும். வெளியே ஆக்சிஜன் பட்டதும் மூன்றாவதையும் இழந்து, கரையாத ஹைட்ராக்சைடாகிவிடும். ஒரே ஒரு எலக்ட்ரானின் வித்தியாசம், வடிகட்ட முடியாததை வடிகட்டக்கூடியதாக்குகிறது. தண்ணீரை ஷவர்போல் தூவி விழவைத்து, தொட்டியில் தேங்கவிட்டு, மணல் ஃபில்டரில் விட்டால் இரும்பின் பெரும்பகுதி மணலிலேயே தங்கிவிடும். தண்ணீர் அமிலத்தன்மையாக இருந்தால் இது மெதுவாக நடக்கும். தேங்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்கியவர்கள் "டி.டி.எஸ். குறையவே இல்லை" என்று குறைப்படுவதுண்டு. குறையாது. அதன் வேலை மாற்றிப்போடுவது. உள்ளே இருக்கும் ரெசின் (அயனிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகள்) ஒரு கால்சியம் அயனியைப் பிடித்து, மின்சுமை சமமாக இருக்க இரண்டு சோடியம் அயனிகளை விடும். 40 மி.கி. கால்சியத்துக்கு 46 மி.கி. சோடியம். சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளையாகப் படிவது நின்றுவிடும். கரிப்பு அப்படியே இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. கரிப்பைக் குறைக்க ஆர்.ஓ.தான் வழி. சாஃப்ட்னருக்குள் இரும்புத் தண்ணீரை நேரடியாக விட்டால் ரெசினில் துரு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு உப்புக் கரைசல் விட்டுக் கழுவினாலும் பழைய திறன் வராது. அதனால் மணல் ஃபில்டர் முன்னால், சாஃப்ட்னர் பின்னால்.