குளிர் ஊரில் எதற்கு மெஷ் கேசிங்?

"சேர், நம்ம ஊரே ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. இங்க எதுக்கு மெஷ் வச்ச கேசிங்? கண்ணாடி வச்சதே போதும், பாக்கவும் வடிவா இருக்கும்."

மலையகத்து ஹட்டனில் என் கொம்பியூட்டர் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கேசிங் என்றால் கொம்பியூட்டரின் வெளிப்பெட்டி, மெஷ் என்றால் அதன் முன்பக்கத்தில் காற்றுப் போகும் வலை. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. கொழும்பில் பகல் 30 பாகையைத் தாண்டும்போது நமக்கு மத்தியானத்திலும் சுவெட்டர் தேவைப்படுகிறது. அப்படியும் சூடேறிப்போன கொம்பியூட்டர்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்து சம்பாதிப்பவர். மிட் டவர் எனும் நடுத்தர அளவுக் கேசிங், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குள் கலர் லைட்டோடு மூன்று ஃபேன். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, போட்டால் முதல் பத்து நிமிடம் குதிரை, பிறகு கழுதை என்றார். கடைக்குள் 19 பாகை. அவருடைய வேலையையே ஓடவிட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்ட் 84 பாகையில் போய் நின்றது. எதையும் நிறுத்தாமல் முன்கண்ணாடியை மட்டும் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தேன். கால் மணி நேரத்தில் 73. ஒரு சதமும் செலவில்லாமல் 11 பாகை இறங்கிவிட்டது.

அந்த மூன்று ஃபேனுக்கும் காற்று போக இருந்த வழி, கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையாத ஓர் இடுக்குதான். வெளியே எவ்வளவு குளிர் இருந்தென்ன, உள்ளே வர வாசல் வேண்டாமா? கிராபிக்ஸ் கார்ட் தான் கக்கிய சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்குவது லேசு. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியில் பெரிய ஃபேனால் காற்றைத் தள்ளுவார்கள். கொழுந்தை அளவுக்கு மிஞ்சித் தடிப்பாகப் போட்டால் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும், காற்று மேலே வராது. கேசிங்கின் முன்பக்கமும் அதே கணக்குத்தான்.

மலைக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிது. ஒரே வேகத்தில் சுற்றும் ஒரே ஃபேன், கொழும்பில் தள்ளும் காற்றோடு ஒப்பிட்டால் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் தள்ளும். ஊர்க் குளிர் அந்த நட்டத்தை ஈடுகட்டிவிடும் என்பது வேறு கதை. குளிரை மட்டும் நம்பிக் கண்ணாடி வாங்குகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரிவியூ வீடியோக்களில் சொல்லும் வெப்பநிலையை அப்படியே எடுக்காதீர்கள். நல்ல ரிவியூவர், அறையின் வெப்பநிலையைவிட எத்தனை பாகை கூடியது என்றுதான் சொல்வார். அந்த இலக்கத்தோடு உங்கள் அறையின் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 50 பாகை கூடுகிறது என்றால், 17 பாகை அறையில் 67, கொழும்பில் 30 பாகை அறையில் 80. ஏறக்குறையச் சரியாக வரும்.

கடையில் பார்க்கும்போது முதலில் முன்பலகையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கழற்றியதை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எதிரில் நிற்பவரின் முகம் ஓரளவு தெரிந்தால் காற்றும் போகும். சிலவற்றில் வெளியே அழகான வலை இருக்கும், உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கும், அதற்குப் பின்னால் தகட்டில் நாலைந்து துளை மட்டும் போட்டிருப்பார்கள். பெட்டியில் என்னவோ 'ஏர்ஃப்ளோ' என்றுதான் அச்சடித்திருக்கும்.

அப்புறம் ஃபேன். எத்தனை என்று எண்ணுவதைவிட அளவையும் வயரையும் பாருங்கள். கோர்செயர் 4000டி ஏர்ஃப்ளோ 2020இல் வந்தபோது அதில் 120 மில்லிமீற்றர் ஃபேன் இரண்டே இரண்டுதான். லியன் லீ லங்கூல் 216இல் முன்னால் 160 மில்லிமீற்றரில் இரண்டு, பின்னால் 140இல் ஒன்று. இவற்றை யாரும் காற்றில்லாத கேசிங் என்று சொல்லமாட்டார்கள். விலை குறைந்த கேசிங்கில் ஆறு ஃபேன் பூட்டியிருப்பார்கள். அவை மோலெக்ஸ் வயரில் நேரே பவர் சப்ளைக்குப் போகும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விடியற்காலை 10 பாகைக் குளிரிலும் முழு வேகத்தில் இரைந்துகொண்டு தூசியைத்தான் உள்ளே அள்ளும். மதர்போர்டில் செருகும் நாலு பின் வயர் இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், நம் ஊருக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும்.

தூசிதான் இங்கே எனக்குப் பெரிய தலைவலி. ஃபெக்டரிக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் தேயிலைத் தூசி, ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிலைமை இன்னும் மோசம். ஒரே காம்பராவை ஒட்டி விறகடுப்பு. அந்தப் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. நான் கழற்றும் சில ஃபில்டர்கள் பழைய கம்பளித் துண்டு மாதிரி, பிடித்தால் கை கறுத்துப்போகும். தம்பியின் கேசிங்கும் அப்படித்தான். ஃபில்டரே இல்லாததால் கசடு முழுவதும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையில் அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். பவர் சப்ளைக்குள் காய்ந்துபோன பல்லி ஒன்றும் கிடந்தது. பின்பக்கம் கார்ட் செருகும் ஸ்லொட்டின் மூடி ஒன்று இல்லை, அந்த வழியால் போயிருக்கும்.

அதனால் ஃபில்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்தப் பக்கமாக உருவுவது என்றும் பாருங்கள். பவர் சப்ளைக்குக் கீழே உள்ளதைப் பின்னாலிருந்து உருவ வேண்டுமென்றால், வாங்கிய நாளோடு அதை மறந்துவிடுவீர்கள். முன்னாலோ பக்கவாட்டிலோ இழுக்க வருவதுதான் நடைமுறைக்குச் சரி. பாத்திரம் கழுவும் சோப்பில் அலசினாலே போதும். ஆனால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் ஒரு ஃபில்டர் காய இரண்டு நாள் எடுக்கும். ஈரத்தோடு திரும்பப் போடவே கூடாது. அளவுக்கு நைலோன் வலை வெட்டி மேலதிகமாக ஒன்றை வைத்திருங்கள்.

உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. இதைப் பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். மெஷின் ஓடும்போது பின்பக்கத்து ஸ்லொட் மூடிகளுக்குக் கிட்டே புகையைக் காட்டுங்கள், சாம்பல் உள்ளே விழாமல் கவனம். புகை வெளியே தள்ளப்பட்டால் நல்லது. உள்ளே இழுபட்டால், முன்ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் அல்லது பின்ஃபேனைக் குறையுங்கள்.

ஈரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மெஷ் வழியாக மூடுபனி உள்ளே போகாதா என்று. போகும்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருப்பதால் அங்கே நீர் படியாது. மாதக்கணக்கில் ஓடாமல், யன்னலோரம் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருப்பவைதான் பச்சை பூத்து வருகின்றன. துணியை எடுத்துவிட்டு வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஓடவிடுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும் நான் தம்பியின் கேசிங்கில் செய்ததைச் செய்து பார்க்கலாம். கனமான வேலை ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பலகையைக் கழற்றி அதே வேலையை இன்னும் கால் மணி நேரம். வித்தியாசம் இரண்டு மூன்று பாகை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஐந்துக்கு மேல் போனால் அந்தப் பலகைதான் கழுத்தை நெரிக்கிறது.

தம்பியிடம் புதுக் கேசிங்குக்கு அப்போது காசில்லை. ஸ்லொட் மூடியைப் போட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் நைலோன் வலையைக் காந்தப் பட்டியால் ஒட்டிக் கொடுத்தேன். சுத்தம் செய்ததும் சேர்ந்து 71 பாகையில் நின்றது. கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "ரெண்டு கல்யாணம் முடியட்டும் சேர், மெஷ் ஒண்ணு எடுத்து வைங்க" என்றார்.