இரட்டை இயங்குதள நிறுவல் தோற்றால் முதலில் செய்யக்கூடாதது ஃபார்மேட்

சென்ற வாரம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், வீட்டுக் கணினியின் சிபியுவைத் துண்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்தபடியே கும்பகோணத்திலுள்ள என் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தார். வெற்றிலைக் கமிஷன் மண்டி நடத்துபவர். கொடிக்கால்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், கவுளிக் கணக்கு, வெளியூர் வியாபாரிகள் தரவேண்டிய பாக்கி என்று பதினோரு ஆண்டுக் கணக்கு அதில் எக்செல் கோப்புகளாக இருந்தது. பொறியியல் படிக்கும் பேரன், விண்டோஸை வைத்துக்கொண்டே அதனுடன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ முயன்றிருக்கிறான். நிறுவல் கடைசிக் கட்டத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது. மறுபடியும் ஆன் செய்தபோது, துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்ற ஒரே வரிதான் கருப்புத் திரையில் வந்திருக்கிறது. அன்று மாலையே கணினி தெரிந்த ஒருவர் வந்து, ஃபார்மேட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். "இப்ப நல்லா ஓடுது தம்பி, பழைய கணக்கை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க" என்றார் பெரியவர்.

இதே கதையை இந்த ஆறு மாதத்தில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். ஆகவே நன்றாக உழைக்கும் பழைய கணினியை வைத்திருப்பவர்கள் லினக்ஸைத் தேடுகிறார்கள். நல்ல முயற்சி, நானும் அதையே பரிந்துரைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. 2011இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆனால் நிறுவித் தரப்பட்டதைப் பயன்படுத்துவது வேறு, நாமே நிறுவுவது வேறு.

அந்தக் கணினியில் நடந்தது இதுதான். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில், ஜிபிடி என்ற புதிய வகைப் பகுதி அட்டவணை உள்ள வட்டில் நிறுவப்பட்டிருந்தது. பேரன் பார்த்த ஒரு காணொளியில், பென்டிரைவிலிருந்து துவக்குவதற்குப் பயாஸில், அதாவது கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் அமைப்பில், லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவனும் மாற்றிவிட்டான். லெகசி முறையில் துவங்கிய உபுண்டு நிறுவி, அந்த ஜிபிடி வட்டில் தன் துவக்க நிரலான கிரப்பை எழுத இடமில்லாமல் பிழை காட்டியது. பயாஸ் லெகசியிலேயே இருந்ததால், யுஇஎஃப்ஐக்கென எழுதப்பட்ட விண்டோஸின் துவக்க நிரலும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவுதான் பழுது. பயாஸுக்குள் போய் லெகசி என்பதை மீண்டும் யுஇஎஃப்ஐ என்று மாற்றியிருந்தால், அன்று மாலையே அந்த விண்டோஸ் தன் எல்லாக் கணக்குகளோடும் எழுந்து நின்றிருக்கும்.

உதவிக்கு வந்தவரையும் கணினி ஒரு முறை தடுத்திருக்கிறது. வட்டு ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் விண்டோஸ் நிறுவ முடியாது என்ற செய்தி விண்டோஸ் நிறுவியில் வந்ததாக அவரே தொலைபேசியில் என்னிடம் சொன்னார். பயாஸின் முறை தவறாக இருக்கிறது என்பதுதான் அச்செய்தியின் பொருள். அவரோ செய்தியைப் போக்குவதற்காக வட்டின் எல்லாப் பகுதிகளையும் (பார்ட்டிஷன்களையும்) ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, காசுகூட வாங்கவில்லையாம். இருந்தும் பதினோரு ஆண்டுக் கணக்கு போனது அந்தச் சில நொடிகளில்தான்.

கணினி துவங்கவில்லை என்றால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். யுஇஎஃப்ஐ கணினியின் வட்டில், பெரும்பாலும் 100 எம்பி அளவே உள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்கு இஎஃப்ஐ பகுதி என்று பெயர். விண்டோஸின் துவக்க நிரலும் லினக்ஸின் துவக்க நிரலும் அதற்குள் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. உங்கள் கோப்புகள் இருக்கும் சி, டி பகுதிகள் இவற்றிலிருந்து வேறானவை. வரிசை மாறினாலும், துவக்க நிரல் சேதமானாலும், அந்த 100 எம்பி பகுதியே முற்றிலும் அழிந்தாலும், சி பகுதியில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. மதகின் ஷட்டர் இறுகிக்கொண்டது என்பதற்காக யாரும் வயலில் நிற்கும் சம்பாவை உழுதுவிடுவதில்லை, ஷட்டரைத்தான் பார்ப்பார்கள். கருப்புத் திரை, கிரப் என்ற சொல்லுக்கு அருகில் மினுக்கும் கோடு, வட்டு இல்லை என்ற வரி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஷட்டரின் பழுதுகள்தாம்.

ஆகவே நிறுவல் தோற்றவுடன் கணினியை அணைத்துவிட்டு, முதலில் துவக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். டெல், லெனோவோ, ஏசர் கணினிகள் பெரும்பாலானவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசையை ஆன் செய்தவுடனே திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். அங்கே விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால், பயாஸில் நீங்கள் மாற்றிய ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் வராவிட்டால், உபுண்டு பென்டிரைவில் நிறுவாமலே பயன்படுத்திப் பார்க்கும் முறையில் துவக்கி, உங்கள் கோப்புகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து, வேறொரு வட்டுக்குப் பிரதி எடுங்கள். துவக்க நிரலைச் சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவரை உங்கள் பழைய வட்டில் எதையும் எழுதக்கூடாது, புதிய மென்பொருளையும் நிறுவக்கூடாது.

நிறுவியில் வட்டை அழித்துவிட்டு நிறுவு என்ற தேர்வைத் தவறுதலாக அழுத்தியவர்களின் நிலை வேறு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், உடனே மின்சாரத்தைத் துண்டித்துக் கொண்டுவந்தால் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் கணிசமாக மீட்க முடியும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மேட் செய்தவுடன், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று ட்ரிம் கட்டளை வட்டுக்குச் செல்கிறது. வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடுகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் பயனிருக்காது. எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு கணினி எவ்வளவு வேகம் என்று மகிழ்கிறவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

புதிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் தனிச் சிக்கல். நீங்கள் கேட்காமலே பல கணினிகளில் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. பயாஸில் உள்ள செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் அடுத்த முறை நீலத்திரையில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லோ, கடையில் வாங்கிய அன்று விற்பனையாளர் தொடங்கிக் கொடுத்தது, யாருக்கும் நினைவிருக்காது. எதையும் தொடுவதற்கு முன் அந்த 48 எண்களைத் தாளில் எழுதி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

உபுண்டு நிறுவியில் வட்டே தெரியவில்லை என்று சிலர் வருகிறார்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் வட்டுகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருப்பதே காரணம். பயாஸில் அதை நிறுத்தினால் வட்டு தெரியும், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் நிறுத்தினால் விண்டோஸ் நீலத்திரையில் போய் நிற்கும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் துவங்கவிட்டு, அதன்பின் இயல்பு நிலைக்குத் திரும்ப வேண்டும். பதற்றத்தில் மாற்றிவிட்டவர்கள் விஎம்டியைத் திரும்ப இயக்கினாலே விண்டோஸ் வந்துவிடும்.

சின்னத் தொல்லைகளுக்கும் சிலர் ஃபார்மேட் கேட்கிறார்கள். விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் எதுவும் கெடவில்லை; லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் தாய்ப்பலகையில் எழுதுவதால் வருவது, லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகும். டி பகுதியில் லினக்ஸ் எழுத மறுத்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். அது இயக்கத்தில் இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. கிரப் பட்டியலில் விண்டோஸின் பெயர் வரவில்லையா? கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, கிரப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

இனி முயல்கிறவர்களுக்கு: முதலில் கோப்புகளை வெளி வட்டுக்குப் பிரதி எடுங்கள். டெஸ்க்டாப்பில் கோப்புகளைக் குவித்து வைப்பவர்கள், அதுவும் சி பகுதிதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். பென்டிரைவைத் துவக்கும்போது யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு உள்ள பெயரையே தேர்ந்தெடுங்கள். இஎஃப்ஐ பகுதியை ஃபார்மேட் செய்யும் குறியை ஒருபோதும் இடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் எந்த நேரமும் போகும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் அந்த நாட்களில் பகுதிகளைச் சுருக்கும் வேலையே வேண்டாம். மேசைக் கணினி என்றால், தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கி, பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதில் மட்டும் லினக்ஸ் நிறுவுவதையே நான் விரும்புவேன். கல்லூரிப் பாடத்துக்காக மட்டும் லினக்ஸ் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் டபிள்யூஎஸ்எல் போதும். வீட்டுக் கணக்கு இருக்கும் வட்டைத் தொடவே தேவையில்லை.

பெரியவரின் வட்டில் டி பகுதியை டெஸ்ட்டிஸ்க் கண்டுபிடித்துவிட்டது. மகளின் திருமணப் படங்கள் பெயர் மாறாமல் முழுதாக வந்தன. கணக்குகள் சி பகுதியின் டெஸ்க்டாப்பில் இருந்தன. அதன்மேல்தான் புதிய விண்டோஸ் எழுதப்பட்டிருந்தது. ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்புக் கருவியை இரண்டு இரவு ஓடவிட்டதில் பெயரில்லாமல், எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்க எண்ணுமாக எக்செல் கோப்புகள் சில கிடைத்தன. திறந்தவை ஒன்பது. அவற்றில் இரண்டு ஆண்டுகளின் பாக்கிப் பட்டியல் மட்டும் முழுமையாக இருந்தது.

கோப்புகளை வாங்கிப்போக வந்தபோது பேரனும் உடன் வந்திருந்தான். பிழை வந்த அன்றே, பயாஸில் தான் மாற்றியது எது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தாத்தா திட்டுவாரென்று சொல்லாமல் இருந்துவிட்டான். பெரியவர்களே, இப்படி நேர்ந்தால் அன்றைக்கு மட்டும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அருகில் உட்காரவைத்து, என்னென்ன மாற்றினான், எந்தச் செய்தி வந்தது என்று வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வேறு எதையும் அழுத்தாமல் அந்தத் தாளையும் கணினியையும் சேர்த்து, தெரிந்தவர் எவரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.