முதல் பத்து முடிவுகளைப் படிக்கும் முறை

மண்புழு உரம் தயாரிப்பது பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை எழுதப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத உட்காரும் முன் கூகுளில் தேடி, முதலில் வரும் பத்துப் பக்கங்களைப் படித்துவிடுவது நல்லது. ஆனால் அவை எப்படி முதலில் வந்தன என்று தெரியாமல் படித்தால், அந்தப் பத்தில் இருக்கும் பிழைகள் நம் கட்டுரைக்கும் வந்து சேரும்.

நாம் கேட்கும் நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் அலசுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைத் திரட்டி, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ‘உரம்’ எண்ணற்ற பக்கங்களில் உண்டு. ‘மண்புழு’ அதைவிட அரிது. அரிய சொல்லுக்கு எடை அதிகம். இந்தக் கணக்கை 1972இல் முன்வைத்தவர் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1998இல் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, பிற பக்கங்கள் தரும் இணைப்புகளையும் எண்ணியது. பலரும் சுட்டும் பக்கம் தரும் இணைப்புக்கு மதிப்பு கூடுதல். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் எந்த அளவுகோலும் உரத்தொட்டிக்குள் கைவிட்டுப் பார்ப்பதில்லை. முதலிடம் என்பது உண்மைக்கான சான்றிதழ் ஆகாது.

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். பழைய தேடல்களின் சாயல் குறையும். இருக்கும் ஊரைப் பொறுத்து முடிவு மாறுவது மட்டும் நிற்காது. பிறகு ஒவ்வொரு பக்கமும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு வரியில் குறியுங்கள். பத்தில் ஏழு செய்முறையாகவும் மூன்று விலைப்பட்டியலாகவும் இருந்தால், தேடுபவர்களில் பெரும்பாலோருக்குச் செய்முறைதான் தேவை என்று ஊகிக்கலாம். அங்கே மண்புழுவின் வரலாற்றில் தொடங்கும் கட்டுரையை யாரும் பொறுமையாகப் படிக்கமாட்டார்கள்.

தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. ‘உரம்’ வேற்றுமை ஏற்றால் ‘உரத்தை’, ‘உரத்துக்கு’ என்று உருமாறுகிறது. எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஆகவே ‘மண்புழு உரம்’, ‘மண்புழு உரத்தை’, ‘வெர்மிகம்போஸ்ட்’ என மூன்று விதமாகவாவது தேடுங்கள். ஒன்றில் கிடைக்காத நல்ல பக்கம் இன்னொன்றில் கிடைக்கலாம்.

அதிகம் சறுக்குவது ஒப்பிடும் இடத்தில்தான். ஆறு பக்கங்கள் ஒரே அளவைச் சொன்னால் ஆறு சாட்சிகள் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஆறும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை என்று தெரியவரலாம். அப்படியானால் சாட்சி ஒன்றுதான். வேளாண் பல்கலைக்கழக வெளியீடு போன்ற மூலத்தோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை எடுக்காதீர்கள்.

கடைசியாக, பத்திலும் இல்லாததைத் தேடுங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே தொட்டியில் கொட்டினால் அது மட்கும்போது சூடேறிப் புழுக்கள் சாகும். அதனால் முதலில் பாதி மட்க விட வேண்டும். ‘சாணம் இடவும்’ என்பதோடு பத்துப் பக்கங்களும் நின்றுவிட்டால், உங்கள் கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும்.