மாட்டுப் படத்தின் கீழே ‘பாடு’

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பேரனுக்கு நான்கு வயது. மகன் வாங்கிக் கொடுத்த ஐம்பது சொல்லட்டைகளில் முப்பதைப் பையன் கடகடவென்று ‘படித்துவிடுகிறான்’. ஆனால் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டால், நேற்றுவரை படித்த ‘மாடு’ என்ற சொல்லையே புதிதாகப் பார்ப்பவன்போல விழிக்கிறான். பிள்ளைக்கு ஏதேனும் குறையா, கூத்தனூர்ச் சரசுவதி கோயிலுக்கு அழைத்துப்போய் இன்னொருமுறை நெல்லில் எழுதவைக்கலாமா என்று கேட்கிறார்.

குறை ஒன்றும் இல்லை. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான். 1984இல் அமெரிக்காவில் லினியா ஏரி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைப் பலகைகளையும் குளிர்பானப் பெயர்களையும் ‘படிக்கும்’ மழலைகளிடம், பெப்சியின் முதலெழுத்தை எடுத்துவிட்டு அங்கே ‘எக்ஸ்’ எழுத்தை வைத்துக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் மாற்றத்தைக் கவனிக்காமல் ‘பெப்சி’ என்றே சொன்னார்கள். அவர்கள் அடையாளம் கண்டது நிறத்தையும் வடிவத்தையும்தான், எழுத்தை அல்ல. கும்பகோணம் பேருந்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துக் கூவும் பிள்ளையும் பலகையைப் படிப்பதில்லை.

அப்படியானால் நாம் ‘மாடு’ என்பதைப் பார்த்த கணத்தில், எழுத்துக் கூட்டாமல் எப்படிப் படிக்கிறோம்? சொல்லின் முழு உருவத்தையும் புகைப்படம்போல நினைவில் வைத்திருக்கிறோம் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். சொல்லட்டை வியாபாரம் இன்றும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அச்சில் இருந்தாலும், லாரியின் பின்புறம் கோணல்மாணலாக எழுதியிருந்தாலும், மருந்துச்சீட்டுக் கிறுக்கலில் இருந்தாலும் நமக்கு அது ‘மாடு’தான். புகைப்பட நினைவு இந்த வேலையைச் செய்யாது.

உண்மையில் நடப்பது இன்னும் அழகானது. ‘மாடு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடித் திறக்கின்றன, வாய் அகல்கிறது, நாக்கு மேலே மடிந்து ஒரு தட்டுத் தட்டுகிறது. இந்த ஒலிகள் குழந்தையின் வாயில் முன்பே இருக்கின்றன; மாடு என்ற பொருளோடு அவை பிணைந்தும் இருக்கின்றன. முதல் துண்டு ‘மா’வில் அமர்கிறது, இரண்டாவது ‘டு’வில் அமர்கிறது என்று குழந்தை ஒருமுறை தானாகக் கண்டுவிட்டால், எழுத்துகளின் வரிசை ஒலிகளின் வரிசையோடு ஒட்டிக்கொள்கிறது. சில முறை அப்படி ஒட்டியபின் பார்வை பட்டதுமே ஒலியும் பொருளும் சேர்ந்து எழுகின்றன, கூட்டிப் படிக்கும் வேலை தேவையில்லாமல் போகிறது. ஆகவே பார்த்ததுமே படித்துவிடும் ‘பார்வைச் சொல்’ என்பது கண்ணால் மனப்பாடம் செய்த சொல் அல்ல. காது முன்பே அறிந்திருந்த சொல்லுக்குக் கண் பிற்பாடு பிடித்துக்கொண்ட வழி.

ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பொருந்தாத சொற்கள் ஏராளம். 1936இல் எட்வர்டு டால்ச் என்ற கல்வியாளர், பார்த்ததுமே அடையாளம் காணவேண்டும் என்று அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டதற்கு அங்கே ஒரு நியாயம் இருந்தது. அந்த முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. அட்டையில் ‘மாடு’ என்று இருப்பது கதைப் புத்தகத்தில் ‘மாட்டை’, ‘மாட்டுக்கு’ என்று மாறிவிடுகிறது; ‘மரம்’ ‘மரத்தில்’ ஆகும்போது கடைசி எழுத்தே காணாமல் போகிறது. உருவத்தை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளை முதல் பக்கத்திலேயே திகைத்து நின்றுவிடும்.

தமிழுக்கென்று வேறு தடைகளும் உண்டு. ‘கொக்கு’ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. உகரக் குறி கு, சு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து வேறு உருவம் எடுக்கிறது. இவற்றைவிடப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். குழந்தையின் வாயில் இருப்பது ‘தண்ணி’, ‘நெல்லு’, ‘தவள’. அட்டையில் இருப்பது ‘தண்ணீர்’, ‘நெல்’, ‘தவளை’. ஒட்டவேண்டிய இரண்டு பக்கங்களும் பொருந்தாதபோது பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாகவே இருக்கும் ஆடு, மாடு, ஆறு, சேறு, நண்டு, வாத்து, வண்டி போன்றவற்றில் தொடங்குவதே முறை. இவை அத்தனையும் அந்தப் பையன் வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு, நம்முடையவை போன்ற உயிர்மெய் எழுத்துமுறைகளைக் கற்க ஆங்கில நெடுங்கணக்கைவிட அதிக ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டியது. 247 எழுத்துகளைச் சுமக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் அப்படி விரிவான ஆய்வுகள் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள் வெளிநாட்டு முடிவுகளை இரவல் வாங்கி அட்டை அச்சடிப்பதற்குத் தயங்குவதில்லை.

இனி கூத்தனூர். விஜயதசமி அன்று பூந்தோட்டத்துக்கு அருகிலுள்ள அந்தச் சரசுவதி கோயிலில் பிள்ளைகள் நெல்லில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அங்கே நடப்பது, பெரியவர் விரலைப் பிடித்து இழுக்க, பிள்ளையின் கை பின்னால் போவதுதான். 2012இல் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று விதமாக எழுத்துப் பழக்கினார்கள்: தாமே எழுதுவது, கோட்டின் மேல் வரைவது, விசைப்பலகையில் தட்டுவது. பின்னர் மூளையைப் படமெடுத்தபோது, தாமே எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் நன்றாகத் தூண்டப்பட்டன. பிள்ளை எழுதும் ‘மா’ ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகக் கோணும். எந்தக் கோணல் பொருட்டல்ல, எந்தக் கோணல் ‘மா’வைப் ‘பா’ ஆக்கிவிடும் என்பதை மூளை அதிலிருந்து பிரித்தறிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். திண்ணைப் பள்ளியில் தினமும் மணலில் விரல் தேய எழுதிய பிள்ளைகளுக்கு இது தானாகவே கிடைத்தது. கூத்தனூருக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் மறுநாள் முதல் ஒரு தாம்பாளத்தில் மணலைக் கொட்டி, விரலைப் பிடிக்காமல் பையனிடம் விட்டுவிடுங்கள்.

காது அறியாத சொல்லைக் கண் பிடிக்க முடியாது என்பதால், சொல்வளத்தைப் பெருக்கும் வேலை எழுத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற ஆய்வாளர்கள், மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஆசிரியரைக் கொண்டு, ‘குரோமியம் தட்டைக் கொண்டு வா, நீலத்தட்டை அல்ல’ என்று சொல்லவைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டறியாத குழந்தைகள் சரியான தட்டைக் கொண்டுவந்தார்கள்; அது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்ற எண்ணம் பலரிடம் நாட்கள் கழிந்தும் தங்கியிருந்தது. நம் ஊர்த் தாத்தா, ‘மண்வெட்டி இல்லடா தம்பி, அந்தக் களைக்கொட்டை எடு’ என்று சொல்லும்போது நடப்பதும் இதுவே. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளில் மதகின்மேல் நின்று, ‘இது மதகு, இது மடை, அது வரப்பு’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லப்படும் சொற்களை எந்த அட்டைக் கட்டாலும் ஈடுசெய்ய முடியாது. ஒருமுறை கேட்டது மெல்லிய கோடாகவே பதியும் என்பதால், அந்தச் சொல் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

வாசகிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மாட்டுப் படத்தை வரைந்து, அதன் கீழே ‘பாடு’ என்று எழுதிப் பேரனிடம் நீட்டுங்கள். இன்று அவன் ‘மாடு’ என்று சொல்வான், திருத்தாமல் விட்டுவிடுங்கள். சில மாதங்கள் மணலும் பேச்சுமாகக் கழிந்தபின் அதே அட்டையை மறுபடியும் நீட்டுங்கள். என்றைக்கு அவன் படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘மாடு பாடுமா பாட்டி?’ என்று கேட்டுச் சிரிக்கிறானோ, அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.